‘கொழுந்துக் கூடை’ குடும்பக் குழு: பதினைந்தாம் தேதி நுவரெலியா

ஏப்ரல் 5, இரவு 7:10

கீர்த்தி அண்ணன் (கொழும்பு): எல்லோருக்கும் வணக்கம். விடுமுறை கிடைத்துவிட்டது! 15ஆம் தேதி எல்லோரும் சேர்ந்து நுவரெலியா போகிறோம். திட்டம் தயார். விடியற்காலை ஹோட்டன் சமவெளி, பிறகு அம்பேவெல பால் பண்ணை, ஹக்கல பூங்கா, மதியம் விக்டோரியா பூங்கா, மாலையில் கிரகரி வாவியில் படகு, குதிரை, ராட்டினம். கடைசியாக ஸ்ட்ரோபெரித் தோட்டம்.

ரேவதி அத்தை (நுவரெலியா): கீர்த்தி, இது ஒரு நாளுக்கா, ஒரு வாரத்துக்கா?

செல்வம் மாமா (வேன்): வேனுக்கு இறக்கை இல்லை.

மதினி: கைக்குழந்தையோடு வருகிறேன். கழிப்பறை எங்கே என்பதை முதலில் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பெரியப்பா: ஹக்கல பூங்காவை விட்டுவிடாதீர்கள். 1861இல் சிங்கோனா பயிரிட்டுப் பார்ப்பதற்காகத் தொடங்கிய இடம். அந்தப் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்குக் கொயினா எடுத்தார்கள். பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரேவதி அத்தை: பெரியண்ணே, பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும், ஆனால் இந்த ஏப்ரல் சீசனில் வேண்டாம். டவுனிலிருந்து பத்து கிலோமீட்டர். சீதா எலிய கோயிலடியில் வாகனங்கள் நிற்க ஆரம்பித்தால், நீங்கள் வேனுக்குள்ளேயே மலேரியா பாடம் முழுவதையும் நடத்தி முடித்துவிடலாம்.

தாரணி: 😂😂

கீர்த்தி அண்ணன்: அப்படியானால் வேறு நாள் பார்க்கலாமா? 10ஆம் தேதி?

மதினி: தம்பி, புத்தாண்டுக்கு முன்னால் ஒரு பேர், ஒரு நாள் வேலை, குறைந்தாலும் சம்பளத்தில் தெரியும். தோட்டத்தில் வேலை இல்லாத நாளில்தான் நான் வர முடியும்.

தாரணி: 14?

பெரியப்பா: வருடப் பிறப்பன்று வீட்டில் விளக்கேற்றாமல் படகு விடப் போகிறீர்களா? நல்லது, நல்லது.

கீர்த்தி அண்ணன்: 16ஆம் தேதி நான் கொழும்புக்குத் திரும்ப வேண்டும். ஆகவே 15ஐ விட்டால் எனக்கு வழியில்லை.

ரேவதி அத்தை: சரி, நாள் நம் கையில் இல்லை. நேரம் இருக்கிறதே. கேளுங்கள், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ரேவதி அத்தை: பத்து வருடமாகச் சீசனில் வாவிக்கரையில் அவித்த சோளம் விற்கிறேன். கூட்டம் எப்போது வரும், எப்போது கலையும் என்று என் அண்டாவுக்கே தெரியும். அன்று காலையில் கொழும்பிலும் கண்டியிலும் புறப்படுகிறவர்கள் பத்து மணி வாக்கில்தான் மேலே வந்து சேர்வார்கள். ஹோட்டலில் தங்கியிருப்பவர்கள் இந்தக் குளிரில் எட்டரைக்கு முன் கம்பளியை விட்டு எழமாட்டார்கள். அதற்குள் நீங்கள் வாவிக்கரையில் இருக்க வேண்டும். கவுன்டர் திறக்கும்போது முதல் பத்துப் பேரில் நீங்கள் இருந்தால் படகு கையோடு கிடைக்கும். பதினொரு மணிக்கு அதே படகுக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தால், 2022இல் மண்ணெண்ணெய்க்கு நின்றது நினைவுக்கு வரும்.

ரேவதி அத்தை: இன்னொன்று. சித்திரையில் காலை வெயிலை நம்பக் கூடாது. மதியம் திரும்பியதும் மலையில் கருக்கும், இடியோடு மழை கொட்டும். மாலையில் படகு என்று எழுதியிருக்கிறாயே, மாலையில் குடைதான்.

கீர்த்தி அண்ணன்: ஹோட்டன் சமவெளியாவது விடியற்காலையில்…

ரேவதி அத்தை: உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறையைப் பார்த்துவிட்டு பேக்கர் அருவி வழியாகச் சுற்றி வர ஒன்பது, பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். அப்பாயியை யார் தூக்குவது? நீயா?

செல்வம் மாமா: அதை இன்னொரு வருடம் இளவட்டங்கள் மட்டும் போங்கள். அன்று நான் தூங்குகிறேன்.

இரவு 8:02

மதினி: கழிப்பறை பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

ரேவதி அத்தை: என் வீடு இருக்கிறது. பதுளை வீதியிலிருந்து மேலே ஏறினால் ஏழு நிமிட நடை. வேனையும் எங்கள் முற்றத்திலேயே விட்டுவிடுங்கள். பிறகு மாலை வரைக்கும் அதைத் தொடக் கூடாது. சீசனில் டவுனுக்குள் ஒருவழிப் பாதை போடுவார்கள். ஒரு வளைவைத் தவறவிட்டால் வாவியை முழுதாகச் சுற்றித்தான் வர வேண்டும்.

செல்வம் மாமா: இதுதான் பேச்சு. போன வருடம் ஒரு கொழும்புக் குடும்பத்தை ஏற்றிப் போனேன். அவர்கள் பார்த்தது பூங்காவை அல்ல, முன்னால் நின்ற பஸ்ஸின் பின்புறத்தை.

கீர்த்தி அண்ணன்: ஏன்தான் இத்தனை பேரும் ஒரே இடத்தில் வந்து குவிகிறார்களோ! எரிச்சலாக இருக்கிறது.

ரேவதி அத்தை: அந்த இத்தனை பேரில் நீயும் ஒருவன்தானே, ராசா. கூட்டத்தைத் திட்டாதே. சீசன் மாதத்துச் சோளக் காசில்தான் என் மகனுக்குச் சப்பாத்து, கொப்பி எல்லாம். 2020 ஏப்ரலில் ஊரடங்கு போட்டார்களே, அப்போது வாவிக்கரையில் காகம்கூட இல்லை. பார்க்க அவ்வளவு அழகு. அடுப்பும் அதே மாதிரி அமைதியாகக் கிடந்தது.

கீர்த்தி அண்ணன்: மன்னித்துவிடுங்கள் அத்தை. யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

ரேவதி அத்தை: அதற்கெல்லாம் மன்னிப்பு வேண்டாம். வரும்போது கொழும்பிலிருந்து நல்ல கருவாடு வாங்கி வா.

பெரியப்பா: கிரகரி வாவியை வெட்டியது 1873இல். அப்போது ஆளுநராக இருந்தவர் வில்லியம் கிரகரி. அவர் பெயரைத்தான் வைத்தார்கள். மண் சுமந்தவர்கள் பெயரை எங்கும் எழுதவில்லை.

தாரணி: பெரியப்பா, இதைப் படகில் வைத்துச் சொல்லுங்கள். அங்கேதான் யாராலும் எழுந்து போக முடியாது.

இரவு 8:40

கீர்த்தி அண்ணன்: சரி, புதுத் திட்டம். நான் 13ஆம் தேதியே கொட்டகலைக்கு, உங்களிடம் வந்துவிடுகிறேன். 15ஆம் தேதி காலை ஐந்தரைக்குப் புறப்பாடு. சரியா?

செல்வம் மாமா: நாலரை.

கீர்த்தி அண்ணன்: மாமா, பிள்ளைகள்…

செல்வம் மாமா: பிள்ளைகள் வேனில் தூங்கும். நாலரை.

கீர்த்தி அண்ணன்: ராதெல்லைக் குறுக்கு வழியில் நானுஓயாவுக்குப் போனால் நேரம் மிச்சமாகும் அல்லவா?

செல்வம் மாமா: அந்த வழியில் என் வேன் போகாது. 2023 ஜனவரியில் அந்த இறக்கத்தில் ஏழு உயிர் போனது. நேரம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் சீக்கிரம் எழும்பு.

மதினி: மாமா சொல்வது சரி. அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

தாரணி: சாப்பாடு?

மதினி: தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் இரவே செய்துவிடுகிறேன். கரையில் உட்கார்ந்து காலைச் சாப்பாடு. மதியத்துக்குப் புளிச்சோறு, லன்ச் சீட்டில் ஆளுக்கொரு பார்சல். பன்னிரண்டு மணிக்குக் கடைக்குப் போனால் மேசை கிடைக்காது. பதினொன்றுக்கே விக்டோரியா பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்துவிடலாம். அங்கே குட்டி ரயிலும் இருக்கிறது, சின்னவர்களுக்கு அது போதும்.

பெரியப்பா: அந்தப் பூங்கா 1897இல்…

தாரணி: விக்டோரியா மகாராணியின் வைர விழா நினைவாக! போன வருடமே சொல்லிவிட்டீர்கள் பெரியப்பா.

பெரியப்பா: நினைவிருக்கிறதே. சந்தோஷம்.

மதினி: போன வருடம் பற்றிப் பேசினால் எனக்கு வயிறு கலங்குகிறது. மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் சின்னவன் இருபது நிமிடம் காணாமல் போனான். நான் இவரிடம் இருக்கிறான் என்று நினைத்தேன், இவர் என்னிடம் இருக்கிறான் என்று நினைத்தார். பொலிஸ்காரர் ஒருவர் தோளில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தான்.

ரேவதி அத்தை: இந்த முறை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர். பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். கையில் பேனாவால் தொலைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். யாராவது தொலைந்தால் நேரே என் சோள அண்டாவுக்கு வர வேண்டும். வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள், அந்தக் கூட்டத்தில் சிக்னல் படுத்துவிடும்.

கீர்த்தி அண்ணன்: சின்னவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மதினி: நீ கைபேசியைப் பார்ப்பாய். சின்னவன் தாரணியோடு.

இரவு 9:15

கீர்த்தி அண்ணன்: அப்பாயியை அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். அடுப்படியில் கதகதப்பாக இருப்பார். திரும்பி வந்து கூட்டிக்கொள்ளலாம்.

தாரணி: அப்பாயி பக்கத்தில்தான் இருக்கிறார். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். குரல் பதிவு அனுப்பச் சொன்னார், அழுத்தத் தெரியாமல் அழித்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“அறுபது வருடமாகப் பஸ் ஜன்னலிலிருந்து அந்தத் தண்ணீரைப் பார்க்கிறேன். ஒரு நாள்கூட இறங்கிப் பார்க்கவில்லை. அடுப்படி என் வீட்டிலும் இருக்கிறது. மூட்டை முடிச்சைப் பெரியவன் காத்துக்கொள்ளட்டும். நான் படகில் ஏறுவேன்.”

பெரியப்பா: நானா?

செல்வம் மாமா: 👏

ரேவதி அத்தை: அம்மா, மோட்டார்ப் படகில் ஏற்றிவிடச் சொல்கிறேன். மிதிக்கிற படகு வேண்டாம், முழங்கால் இருக்கிற நிலையில். சேலைக்கு மேலே உயிர்காப்பு அங்கி போடுவார்கள், மறுப்பேதும் சொல்லக் கூடாது.

தாரணி: அப்பாயிக்கு அன்னப்படகுதான் வேண்டுமாம். மோட்டார்ப் படகு டிராக்டர் மாதிரிச் சத்தம் போடுமாம்.

ரேவதி அத்தை: அன்னப்படகை யார் மிதிப்பது?

தாரணி: “கொழும்புக்காரன் மிதிப்பான், உட்கார்ந்தே வேலை பார்த்த கால்தானே” என்கிறார்.

கீர்த்தி அண்ணன்: மிதிக்கிறேன் அப்பாயி. அப்படியானால் இப்போது பட்டியலில் மிச்சம் இருப்பது வாவி, விக்டோரியா பூங்கா, அத்தை வீடு. அவ்வளவுதானா?

செல்வம் மாமா: அவ்வளவுதான். இரண்டு மணிக்கு வேன் திரும்பும். மழையிலும் மூடுபனியிலும் நானுஓயா இறக்கத்தில் வரிசையில் நிற்க என்னால் முடியாது.

மதினி: எல்லோரும் கம்பளிச் சட்டை எடுங்கள். கீர்த்தி தம்பி, கொழும்பு வெயில் என்று நினைத்து அரைக்கைச் சட்டையோடு வந்துவிடாதே.

கீர்த்தி அண்ணன்: 👍 அத்தை, பிள்ளைகள் கேட்கச் சொல்கிறார்கள். அன்று சோளம் இலவசம்தானே?

ரேவதி அத்தை: மூன்று வயதுக்குக் கீழே இலவசம். மற்றவர்கள் காசு கொடுத்துத்தான் தின்ன வேண்டும். உனக்கு இரண்டு மடங்கு.