புதுப்பிப்பு: லண்டன் பயணத் திட்டம் ஒருவழியாக முடிவானது

குடும்பத்தோடு முதல் வெளிநாட்டுப் பயணம், லண்டனில் எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. சவுத் கென்சிங்டன் பக்கம் அறை போட்டாயிற்று. ஹீத்ரோ விமான நிலையத்தில் பிக்காடில்லி லைன் சுரங்க ரயிலில் ஏறினால் ரயில் மாறாமல் வந்துவிடலாம். பெட்டிகளோடும் பிள்ளைகளோடும் போகிறவர்களுக்கு அதுவே பெரிய விஷயம். இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அறிவியல் அருங்காட்சியகமும் நடக்கும் தூரம்தான், பொது நுழைவு இலவசம். 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, பெரியவர் கூட வந்தால், சுரங்க ரயிலும் இலவசம். பெரியவர்களுக்குத்தான், கட்டணத்துக்காக நிலைய வாசலில் தட்டும் கார்டு ஆளுக்கொன்று வேண்டும். ஒரே கார்டை இருவர் தட்ட முடியாது. பழைய கோட்டையான லண்டன் டவருக்குக் காலையிலேயே போகிறோம். லண்டனுக்கு வெளியே தொலைவில் இருக்கும் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டேன். ஒரு நாளையே விழுங்கிவிடும். மனைவிக்கு அதில் வருத்தம்தான். மழைக்கோட்டா குடையா என்பது மட்டும் வீட்டில் இன்னும் பஞ்சாயத்தில் இருக்கிறது.