லூட், டிராப்: "உதிர்பொருள்" சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

கணினி ஆட்டங்களுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் லூட் (ஆட்டத்தில் கைக்குக் கிடைக்கும் பொருள்), டிராப் (அடிபட்ட எதிரியிடமிருந்து பொருள் விழுவது) பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> லூட் என்பதற்குக் "கொள்ளை" போதுமே. புதுச்சொல் எதற்கு?

போதாது. சொற்பட்டியல் வேலையைச் சாக்கிட்டு டயாப்லோ என்ற கணினி ஆட்டத்தின் முதல் பாகத்தை இப்போதுதான் முதன்முறையாக ஆடுகிறேன். 1996 முடிகிற நேரத்தில் வெளிவந்தது, பிளிசார்ட் நார்த் செய்தது. டிரிஸ்ட்ரம் என்ற ஊரின் தேவாலயத்துக்கு அடியில் 16 தளங்கள். ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்கும்போதும் அறைகளும் வழிகளும் மாறிவிடும். எங்கே எது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதில் யாரும் யாரையும் கொள்ளையடிப்பதில்லை. எலும்புக்கூடு ஒன்றை அடிக்கிறோம். அது நொறுங்கும்போது ஒரு பொருள் துள்ளிச் சுழன்று தரையில் விழுகிறது. வாளுக்கு ஒரு சத்தம், மருந்துப் புட்டிக்கு வேறு சத்தம், மோதிரம் என்றால் "டிங்". அந்த மோதிரம் லேசில் கண்ணுக்குப் படாது. கீழே கிடப்பவற்றின் பெயரையெல்லாம் காட்டும் விசை இரண்டாம் பாகத்தில்தான் வந்தது. ஆகவே காதை நம்பி, சுட்டியால் தரையைத் துழாவ வேண்டும். பெயர் நீலத்தில் வந்தால் மந்திரப் பொருள். அதன் குணம் தெரிய அதற்கான மந்திரச் சுருள் வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பி, கெயின் தாத்தாவிடம் 100 பொற்காசு கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஆக, விழுவது ஒன்று, எடுப்பது இன்னொன்று. விழுவதற்குப் பின்னால் ஒரு நிகழ்தகவுக் கணக்கு ஓடுகிறது. ஆடுகிறவர்கள் "டிராப் ரேட் ரொம்பக் கம்மி" என்று அலுத்துக்கொள்வது அதைப் பற்றித்தான். அதைக் "கொள்ளை வீதம்" என்று எழுதினால் காவல்துறை அறிக்கை மாதிரி இருக்கும். என் பரிந்துரை: டிராப் – உதிர்வு, டிராப் ரேட் – உதிர்வு வீதம், விழுந்த பொருள் – உதிர்பொருள். "உதிரி" என்று சுருக்க வேண்டாம், அதை உதிரிபாகக் கடைக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

> சங்க இலக்கியக் "கொண்டி"யை மீட்கலாமே?

எனக்கும் ஆசைதான். ஆனால் பகைவரிடமிருந்து கவர்ந்து வந்த பொருள் அது. ஊர்களின் மேல் படையெடுத்துச் சூறையாடும் வியூக ஆட்டங்களுக்கு அருமையாகப் பொருந்தும். கதவுக் கொண்டியோடு குழப்பம் வரலாம், இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

நான் விட்டுக்கொடுக்க விரும்பாத பழஞ்சொல் "பாதீடு". கவர்ந்த ஆநிரையை வீரர்கள் பங்கிட்டுக்கொள்வதைத் தொல்காப்பியம், ஆநிரை கவர்தலைப் பற்றிய வெட்சித் திணையில் அப்படித்தான் சொல்கிறது. பலர் சேர்ந்து ஆடும்போது யாருக்கு எது என்று பிரிக்கும் முறைக்கு இதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும்? டயாப்லோவில் 4 பேர் வரை சேர்ந்து ஆடலாம், பாதீடு மட்டும் கிடையாது. முதலில் கை வைத்தவனுக்கே பொருள். மூன்றாம் பாகத்தில்தான் அவரவருக்குத் தனித்தனியாக உதிர ஆரம்பித்தது.

---

ஐயா,

"பாதீடு" அருமை, அப்படியே ஏற்கிறேன். "உதிர்வு" என்றதும் எனக்கு முடி உதிர்வுத் தைல விளம்பரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இலை, பூ, மயிர் எல்லாம் லேசான பொருள்கள். இரண்டாம் தளத்துக் கசாப்புக்காரனைக் கொன்றதும் ஆளுயரக் கத்தி ஒன்று கிடைக்குமே, அதுவா உதிரும்? "விழுபொருள்" என்று வைத்தால் என்ன?

---

"விழுப்பொருள்" என்றால் சிறந்த பொருள். "விழுபொருள்" என்பதில் ஒரு ப் கூடிவிட்டால் துருப்பிடித்த கேடயமும் சிறந்ததாகிவிடும், எழுத்துப்பிழை பார்ப்பவர்கள் பாவம். அப்புறம், முத்தும் பல்லும்கூட உதிரத்தான் செய்கின்றன.

கசாப்புக்காரன் நல்ல எடுத்துக்காட்டு. கதவைத் திறந்தால் அறை முழுக்க ரத்தமும் பிணங்களும். என்ன ஏது என்று பார்ப்பதற்குள் ஓடி வந்து வெட்டிவிட்டான். எப்படியோ அவனை முடித்த பிறகு கிடைத்தது அந்தக் கத்தி. தனியாக ஆடும்போது அவனிடம் எப்போதும் அதுதான் கிடைக்கும், நிகழ்தகவுக்கே அங்கே வேலையில்லை. ஆகவே அதை உதிர்பொருளில் சேர்க்காமல் "உறுதிப்பரிசு" என்று தனியாகப் பதியலாம். உதிர்வு என்ற சொல் தற்செயலாக விழுவதற்கு மட்டும் இருக்கட்டும்.

> ஆக்‌ஷன் ஆர்பிஜி – "செயல்சார் பாத்திரமேற்பு ஆட்டம்"?

ஆர்பிஜி என்பது ஒரு கதாபாத்திரத்தை ஏற்று ஆடும் ஆட்டம். அதன் முன்னால் ஒட்டிய "செயல்" எதையும் விளக்கவில்லையே. டயாப்லோவையே முதலில் முறைவைத்து ஆடுவதாகத்தான் திட்டமிட்டிருந்தார்கள், பிறகுதான் நிகழ்நேரத்துக்கு மாற்றினார்கள். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. "நிகழ்நேரப் பாத்திரமேற்பு" என்று யோசித்துப் பாருங்கள். இதற்குத் தனி இழை தொடங்குவது நல்லது.

இன்வென்டரிக்கு, அதாவது எடுத்த பொருள்களை ஆடுபவர் வைத்துக்கொள்ளும் இடத்துக்கு, பட்டியலில் "சரக்கிருப்பு" என்று இருக்கிறது. கிடங்குக் கணக்கருக்கு அது சரி. இங்கே இருப்பது 40 கட்டங்கள், அதிலும் பொற்காசு 5,000க்கு மேல் போனால் இன்னொரு கட்டத்தை அடைத்துக்கொள்ளும். "பை" போதும். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று இரவு பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.