"லெட் யூ கோ"ன்னா லீவுன்னு நினைச்சேன்

ராயபுரம் பையன்:
வெள்ளிக்கிழமை ராத்திரி, வீட்டிலிருந்தே வேலை. வெளிநாட்டு மேனேஜர் லைனில் வந்து பட்ஜெட், வருத்தம் என்று சுற்றி வளைத்துவிட்டு "வீ ஆர் லெட்டிங் யூ கோ" என்றார். சீக்கிரம் லாக் அவுட் பண்ணச் சொல்கிறாராக்கும் என்று "தேங்க் யூ சார், சீ யூ மண்டே" என்றேன். அந்தப் பக்கம் மூச்சே இல்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். முறுக்கு தின்றுகொண்டிருந்த அப்பா அப்படியே நிறுத்திவிட்டார். ஹார்பரில் 30 வருஷம் கப்பலுக்குக் கயிறு கட்டியவர். கப்பல் கிளம்பும்போது மேலிருந்து "லெட் கோ" என்று குரல் வந்தால், கரையிலிருக்கிற இரும்புக் கட்டையிலிருந்து கயிற்றைக் கழற்றிவிடணும். "டேய், உன் கயித்தக் கழட்டி உட்டுட்டாண்டா" என்றார்.

தண்டையார்பேட்டை அக்கா:
எனக்கு 'பாஸ் அவுட்'. என் தம்பி போன மாசம் பாஸ் அவுட் ஆனான், வீட்டில் ஒரே சந்தோஷம் என்று லண்டன் கிளையன்டிடம் சொன்னேன். அந்தம்மா முகத்தைப் பார்க்கணுமே! பையன் மயங்கி விழுந்ததைக் குடும்பமே கொண்டாடியதாக நினைத்துவிட்டார். அது சரி தம்பி, "சீ யூ மண்டே" எல்லாம் நிஜமா? கொஞ்சம் ஓவரா இருக்கே.

காசிமேட்டுக்காரர்:
ஏன் இருக்காது? நான் கப்பலுக்குக் காய்கறி ஏற்றிய காலத்தில், கேப்டன் 'அண்டர் த வெதர்' என்றார்கள். வானத்தைப் பார்த்து, "மழை வராது சார்" என்றேன். அவருக்கு உடம்பு சரியில்லையாம்.
அக்கா, பிரிட்டனிலும் ராணுவப் பயிற்சி முடித்தால் பாஸ் அவுட்தான். பாசிங் அவுட் பரேடு கேள்விப்பட்டதில்லையா? காலேஜுக்கு இழுத்து வந்தது நாம்.
ஒன்று சொல்கிறேன், வார்த்தையைப் பிய்த்துப் பிய்த்துப் பார்க்காதீர்கள். பால் 'கோ ஆஃப்' ஆனால் கெட்டுப்போச்சு, லைட் ஆனால் அணைஞ்சுபோச்சு, அலாரம் ஆனால் அடிக்குது! 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்றால் முழு போதை. ஷீட் என்றதும் பாய்மரத் துணி என்பீர்கள். இல்லை, பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு. அது அவிழ்ந்தால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும். அப்புறம், நம்ம 'அம்பேல்' என்பது 'ஐயாம் ஆன் பெயில்'தான் என்று யாராவது கிளம்பாதீர்கள். ஆதாரம் எங்கே? கட்டுமரம் கேட்டமரான் ஆனதற்கு இருக்கிறது.

ராயபுரம் பையன்:
அக்கா, சத்தியமா சொன்னேன். அண்ணே, பாய்க் கயிறு மேட்டரை அப்பாவிடம் சொல்லிடறேன். எங்காவது வேகன்சி இருந்தா சொல்லுங்க, நைட் ஷிப்டும் ஓகே.