மறு: ‘கிளியரிங் ஒப்பந்தம்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு நாளாக ஓடும் இந்த இழையை இன்று காலைதான் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். 1930-களின் துருக்கி பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும் தங்கை மூன்று சொற்களுக்குத் தமிழ் கேட்டிருந்தார்: ‘கிளியரிங் ஒப்பந்தம்’ (பணம் எல்லை தாண்டாமல் இரண்டு நாடுகள் கணக்கில் எழுதியே வியாபாரம் செய்யும் ஏற்பாடு), துருக்கியின் மத்திய வங்கியின் பெயர், ‘சூமர்பாங்க்’ என்ற நிறுவனத்தின் பெயர். ‘கிளியரிங் ஒப்பந்தம்’ பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் கடைசியில் வருகிறேன்.

> ‘தீர்வு ஒப்பந்தம்’ போதுமே. காசோலைக்கு ஏற்கெனவே ‘தீர்வு’, ‘தீர்வகம்’ என்று எழுதுகிறோமே.

ஐயா, காசோலைக்கு அது சரியான சொல். அங்கே வங்கிகள் ஒன்றுக்கொன்று தரவேண்டியதைக் கழித்துப் பார்த்து, மீதி வித்தியாசத்தைப் பணமாகக் கட்டிவிடுகின்றன. கணக்கு தீர்ந்துபோகிறது. துருக்கியும் ஜெர்மனியும் 1933-இல் செய்துகொண்ட ஏற்பாட்டில் அந்தக் கடைசிப் படிதான் கிடையாது. மீதி பணமாகக் கைமாறாது, கணக்கிலேயே நிற்கும். அப்படி நிற்பதில்தான் அந்த ஏற்பாட்டின் முழுக் கதையும் இருக்கிறது. அதற்குப் போய்த் ‘தீர்வு’ என்று பெயர் வைத்தால், படிப்பவருக்கு நேர் எதிரான பொருள் போய்ச் சேரும்.

அது எப்படி நடந்தது என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நடைமுறை தெரியாமல் சொல் தேடினால் அகராதியில்தான் போய் நிற்போம்.

இஸ்மிரில் ஒரு உலர்திராட்சை வியாபாரி. அவர் ஹாம்பர்குக்குச் சரக்கு அனுப்புகிறார். அங்கே வாங்கியவர் விலையை ஜெர்மன் பணமான மார்க்காக ஜெர்மனியிலேயே கட்டிவிடுவார். அந்தப் பணம் பெர்லினில் துருக்கியின் பெயரில் வரவாக எழுதப்படும், எல்லை தாண்டாது. இதே சமயம் இஸ்தான்புல்லில் ஒருவர் ஜெர்மன் இயந்திரம் வாங்குகிறார். அவர் விலையைத் துருக்கிப் பணமான லிராவாக அங்காராவின் மத்திய வங்கியில் கட்டுவார். அந்த லிராவிலிருந்துதான் திராட்சை வியாபாரிக்குப் பணம் வரும். அதுவும் வரிசைப்படி. இயந்திரம் வாங்க ஆள் குறைந்தால் வரிசை நீளும். சரக்கு போய் மாதக்கணக்காகியும் காசைக் கண்ணில் காணாமல் வியாபாரி காத்திருப்பார். அவர் வரவு பெர்லினில் பத்திரமாக இருக்கும், ஆனால் முடங்கிக் கிடக்கும். அதை வைத்து லண்டனிலோ பாரிஸிலோ எதுவும் வாங்க முடியாது.

இந்த நிலைக்கு ஏன் வந்தார்கள்? 1923 லோசான் சமாதான உடன்படிக்கையோடு சேர்ந்த வணிக ஒப்பந்தம் துருக்கியின் சுங்க வரியை ஐந்து ஆண்டுகளுக்கு உயர்த்த முடியாமல் கட்டிப்போட்டிருந்தது. 1929-இல் அந்தக் கட்டு அவிழும் என்று தெரிந்ததும், வரி ஏறுவதற்கு முன் இறக்கி வைத்துவிடலாம் என்று வியாபாரிகள் வெளிநாட்டுச் சரக்கைக் குவித்தார்கள். உஸ்மானியப் பேரரசு விட்டுப்போன கடனில் குடியரசின் பங்குக்கு முதல் தவணையும் அதே ஆண்டில் வந்து நின்றது. கூடவே உலகப் பெருமந்தம். லிரா சரிந்தது. 1930 பிப்ரவரியில் ‘துருக்கிப் பணத்தின் மதிப்பைக் காக்கும் சட்டம்’ கொண்டுவந்து அந்நியச் செலாவணியை அரசு தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. ஜெர்மனியும் 1931 ஜூலை வங்கி நெருக்கடியில் அதே காரியத்தைச் செய்தது. கையில் தங்கமும் இல்லை, வெளிநாட்டுப் பணமும் இல்லை என்கிற இரண்டு நாடுகள் வியாபாரம் செய்ய வேண்டுமென்றால் எழுதி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி என்ன?

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் ஊர் மண்டி. அப்பா நிலக்கடலை போடுவார். பக்கத்து ஊர் மண்டியில் எங்களுக்குப் பற்றுவரவு உண்டு. கடலை மூட்டை இறங்கியதும் மண்டிக்காரர் சிவப்புத் துணி அட்டை போட்ட நீளப் பேரேட்டை எடுப்பார். மேலே ‘உ’ போட்டிருக்கும். ஒரு பக்கத்தில் எங்கள் கடலை வரவாக ஏறும். எதிர்ப்பக்கத்தில் நாங்கள் எடுத்த உரம், பிண்ணாக்கு, விதை எல்லாம் பற்றாக ஏறும். காசு எப்போதாவதுதான் கைமாறும். விலை மட்டும் குறை சொல்ல முடியாது, மற்ற மண்டிகளைவிட மூட்டைக்குக் கொஞ்சம் கூடவே போடுவார். ஒரு வருஷம் அக்கா கல்யாணத்துக்காக அப்பா போய் மீதியைக் கேட்டார். “கணக்குல இருக்குங்க, எங்க போயிடப் போவுது? இப்பக் காசா இல்ல, சரக்கா எடுத்துக்கோங்க” என்றார் மண்டிக்காரர். அப்பா வண்டியில் ஆறு தகர ஷீட்டும் அந்தப் போகத்துக்குத் தேவையே இல்லாத இரண்டு மூட்டை உரமும் ஏற்றிக்கொண்டு வந்தார். அம்மா வாசலில் நின்று அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

துருக்கிக்கு நடந்ததும் இதுதான். ஜெர்மனி உலகச் சந்தையைவிடக் கூடுதல் விலை போட்டுப் புகையிலை, உலர்திராட்சை, பருத்தி, குரோமியத் தாது என்று வாங்கியது. வரவு பெர்லினில் ஏறிக்கொண்டே போனது. அதை எடுக்க ஒரே வழி ஜெர்மன் சரக்கை வாங்குவதுதான். 1936 வாக்கில் துருக்கியின் ஏற்றுமதி, இறக்குமதி இரண்டிலும் ஏறக்குறைய பாதி ஜெர்மனியோடு என்று ஆகிவிட்டது. யாரும் மிரட்டவில்லை. கணக்கு இருக்கும் கடைக்குத்தான் கால் போகும்.

அதனால் என் பரிந்துரை பற்றுவரவு ஒப்பந்தம்.

‘எனக்கு அந்தக் கடையில் பற்றுவரவு உண்டு’ என்று சொன்னால் தமிழ் தெரிந்த யாருக்கும் மூன்று விஷயம் உடனே புரியும்: காசு அவ்வப்போது கைமாறுவதில்லை, இரண்டு பக்கமும் எழுதி வைத்துக்கொள்கிறார்கள், அந்தக் கடையை விட்டு எளிதில் விலக முடியாது. இந்த மூன்றாவது பொருள் ஆங்கிலச் சொல்லில்கூட இல்லை. ஜெர்மானியர்கள் இதற்கு வைத்த பெயர் ‘பெர்ரெஹ்னுங்’. அதற்குள் இருக்கும் ‘ரெஹ்னுங்’ கணக்கு என்றே பொருள்படும். துருக்கியர்கள் ‘கிளிரிங்’ என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மொழியைத் தூய்மைப்படுத்துவதில் அவ்வளவு தீவிரமாக இருந்த காலத்திலேயே அவர்களுக்கு இதற்குச் சொந்தச் சொல் அமையவில்லை. நமக்குப் பேரேட்டிலேயே இருக்கிறது.

> ‘பண்டமாற்று ஒப்பந்தம்’ என்றால் எளிதாகப் புரியுமே?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். பண்டமாற்றில் நெல்லைக் கொடுத்து உப்பை வாங்குகிறோம், நடுவில் விலை இல்லை. இங்கே ஒவ்வொரு சரக்குக்கும் விலை உண்டு, ஒவ்வொரு வியாபாரியும் தன் நாட்டுப் பணத்தில்தான் கொடுக்கிறார், வாங்குகிறார். துருக்கியில் பண்டமாற்றுக்குத் ‘தகாஸ்’ என்று தனிச்சொல் இருந்தது. கட்டுரையில் இரண்டும் அடுத்தடுத்து வருவதாகத் தங்கை எழுதியிருக்கிறார். ஒரே சொல்லைப் போட்டால் அந்தப் பத்தி குழம்பிவிடும்.

இழையில் வந்த இன்னொரு சொல்லான ‘நிகர்ப்படுத்தல் உடன்படிக்கை’ நல்ல தமிழ்தான். ஆனால் நிகர லாபம், நிகர மதிப்பு என்று ‘நிகர்’ ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது.

பற்றுவரவு எந்தக் கணக்குப் புத்தகத்துக்கும் பொதுவான சொல்லாயிற்றே என்று யாராவது கேட்கலாம். ஆமாம். ஆனால் ‘ஒப்பந்தம்’ பின்னால் வந்தவுடன் இரண்டு நாடுகளுக்கு இடையிலானது என்று தெளிவாகிவிடுகிறது. சொல்லிலிருந்து கிளைகள் வருகின்றனவா என்று பார்ப்பதுதான் எனக்குச் சோதனை. பற்றுவரவு நாடு, பற்றுவரவு வணிகம், பற்றுவரவு மாற்று வீதம், பெர்லினில் சிக்கிய பணத்துக்கு ‘முடங்கிய வரவு’. எதுவும் நாக்கில் தட்டவில்லை.

சரி, இரண்டாவது சொல். துருக்கியின் ‘மெர்கெஸ் பாங்காசி’க்கு மத்திய வங்கியா, நடுவண் வங்கியா, அரசு வங்கியா என்பது. இலங்கையில் ‘இலங்கை மத்திய வங்கி’ என்பது அதிகாரபூர்வப் பெயர், நமக்கும் பழகியது. மத்திய வங்கியே இருக்கட்டும். நடுவண் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ‘அரசு வங்கி’ மட்டும் வேண்டாம். அதற்குக் காரணம் அந்த வங்கியின் பெயரிலேயே இருக்கிறது.

1863 முதல் நோட்டு அச்சிடும் தனியுரிமை பிரிட்டிஷ், பிரெஞ்சு முதலாளிகளின் உஸ்மானிய வங்கியிடம் இருந்தது. லண்டனிலும் பாரிஸிலும் உட்கார்ந்த குழுக்கள் அதை நடத்தின. 1925-இல் குடியரசே அந்த உரிமையை 1935 வரை நீட்டிக்கவும் வேண்டியிருந்தது, வேறு வங்கி கைவசம் இல்லை. அதற்குப் பிறகு தனக்கென ஒரு வங்கி அமைக்க ஹாலந்து மத்திய வங்கித் தலைவர் விஸ்ஸெரிங்கை அழைத்துக் கேட்டார்கள், ஜெர்மன் மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்கின் கார்ல் முல்லரை அழைத்துக் கேட்டார்கள். முதலில் வரவு செலவைச் சமன்படுத்துங்கள், வங்கி பிறகு என்பதுதான் முல்லர் சொன்னதன் சாரம். அதையும் மீறி 1930 ஜூனில் சட்டம் போட்டு, 1931 அக்டோபரில் வங்கி வேலையைத் தொடங்கியது. மூலதனம் 1.5 கோடி லிரா. அதில் அரசின் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள்.

இப்போது பெயருக்கு வாருங்கள். நாட்டின் பெயர் ‘துர்கியே ஜும்ஹூரியெதி’. வங்கியின் பெயரோ ‘துர்கியே ஜும்ஹூரியெத் மெர்கெஸ் பாங்காசி’. கடைசி இகரம் வேண்டுமென்றே விடப்பட்டது. இகரம் இருந்தால் ‘குடியரசின் வங்கி’, அரசுக்கு உரியது என்று ஆகும். அது அரசிடமிருந்து தள்ளி நிற்கும் பங்கு நிறுவனம் என்று காட்ட ஓர் எழுத்தை எடுத்தார்கள். எனவே தமிழிலும் ‘துருக்கிக் குடியரசின் மத்திய வங்கி’ என்று எழுத வேண்டாம். ‘துருக்கி குடியரசு மத்திய வங்கி’ என்று, ‘-இன்’ இல்லாமல், வல்லொற்றும் மிகாமல் எழுதுவோம். ஒற்று விட்டுப்போயிற்று என்று பிழை திருத்துபவர் சேர்த்துவிடாதபடி ஓர் அடிக்குறிப்பு போடுங்கள். (நம் ரிசர்வ் வங்கியும் 1935-இல் தனியார் பங்குதாரர்களோடுதான் பிறந்தது, 1949-இல்தான் அரசுடைமை ஆனது.)

மூன்றாவது, சூமர்பாங்க். அதை மொழிபெயர்க்கவே வேண்டாம். பெயரில் வங்கி இருந்தாலும் 1933-இல் தொடங்கிய அது ஆலைகளை நடத்திய அரசு நிறுவனம். கைசேரியில் 1935-இல் திறந்த துணி ஆலைக்கு இயந்திரம் சோவியத் கடனில் வந்தது. 80 லட்சம் டாலர், வட்டி கிடையாது, திருப்பித் தருவது சரக்காக. பாருங்கள், இங்கும் பேரேடுதான். முதல் முறை வரும் இடத்தில் ‘அரசுத் தொழில் நிறுவனமான சூமர்பாங்க்’ என்று எழுதிவிட்டு, அப்புறம் பெயரை மட்டும் போட்டால் போதும்.

தங்கைக்கு ஒரு மாதிரி வாக்கியம்: “1933-இல் ஜெர்மனியுடன் செய்துகொண்ட பற்றுவரவு ஒப்பந்தத்தால் துருக்கியின் ஏற்றுமதி பெருகியது, ஆனால் பெர்லினில் முடங்கிய வரவும் உடன் பெருகியது.” வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

குழுவில் விருதுநகர், காரைக்குடிப் பக்கத்தவர்கள் இருக்கிறீர்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது பேரேடு எழுதியிருந்தால் ஒன்று கேட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு ஊர்க் கடைகள் பணம் அனுப்பாமல் ஒருவர் கணக்கில் மற்றவர் எழுதிக்கொள்வதற்கு அவர்கள் தனியாக ஒரு சொல் வைத்திருந்தார்களா? இருந்தால் என் சொல்லை எடுத்துவிட்டு அதையே போட்டுக்கொள்ளலாம். கட்டுரை அச்சுக்குப் போவதற்குள் வந்துவிட்டால் நல்லது.

அன்புடன்.