நம்மையே திருப்பிக் கேட்டவர்கள்: களப்பணி அனுபவங்கள்

முனை மழுங்கிய பென்சில்:

62 கேள்விகள் கொண்ட படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கிய காலம் அது. முனைவர் பட்ட ஆய்வு. குடும்பத்துக்குள் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் பொருள். 31ஆம் கேள்வி, ‘உங்கள் வீட்டில் பெரிய செலவுகளைப் பற்றி முடிவெடுப்பவர் யார்?’ கணவர், மனைவி, இருவரும், மூத்தவர்கள், மற்றவர் என்று ஐந்து கட்டங்கள். அதுவரை நூறு வீடுகளுக்கு மேல் கேட்டாகிவிட்டது. எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தைச் சொல்லி என்னை அனுப்பிவைத்திருந்தார்கள்.

அன்றைக்கு எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கேள்வியைக் கேட்டதும் கையை நீட்டினார். படிவத்தைத்தான் கேட்கிறார் என்று புரியவே எனக்குச் சற்று நேரமானது. கொடுத்தேன். நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கி, ஐந்து கட்டங்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

“முடிவெடுத்தது என்று எதைச் சொல்வது தம்பி? அவர் ஒன்று சொல்வார். நான் பேசாமல் இருப்பேன். ஒரு மாதம் கழித்து அவரே வேறொன்று சொல்வார். இதற்கு எந்தக் கட்டத்தில் குறி போடுவீர்கள்?”

நான் பென்சிலைச் சீவுவதுபோல் பாசாங்கு செய்துகொண்டிருந்தேன். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. “உங்கள் வீட்டில் யார் எடுப்பது?”

எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. அன்று இரவு தரவுகளைக் கணினியில் ஏற்றும்போது அந்த இடத்தில் 99 என்று போட்டேன். எங்கள் குறியீட்டுப் பட்டியலில் 99 என்றால் ‘பதில் இல்லை’. எனக்குக் கிடைத்ததிலேயே செறிவான பதிலுக்கு நான் கொடுத்த எண் அது.

இதில் வெட்கப்பட வேண்டிய இடம் வேறு. முடிவுகளில் மட்டும் அதிகாரத்தைத் தேடினால், ஒரு விஷயம் முடிவு என்ற கட்டத்துக்கே வராமல் தடுக்கிற அதிகாரம் கண்ணில் படாது என்று பீட்டர் பக்ராக்கும் மார்ட்டன் பராட்ஸும் 1962இலேயே எழுதிவிட்டார்கள். ஒருவரின் விருப்பங்களையே வடிவமைத்துவிடுவதும் அதிகாரம்தான் என்று 1974இல் ஸ்டீவன் லூக்ஸ் இன்னொரு படி மேலே போனார். மூவரையும் என் இரண்டாம் இயலில் மேற்கோள் காட்டியிருந்தேன். காட்டிவிட்டுத்தான் அந்த 31ஆம் கேள்வியையும் எழுதியிருந்தேன்.

உங்களை யாராவது இப்படி மடக்கியிருந்தால், என்னைப் போல ஒரு புனைபெயரில் எழுதுங்கள். வெற்றிக் கதைகள் வேண்டாம். அவற்றுக்குத்தான் ஆய்வேட்டின் முன்னுரை இருக்கிறதே.

பழைய ஒலிநாடா:

நான் வாய்மொழி வரலாறு செய்கிறவன். மூடப்பட்ட ஓர் ஆலையின் தொழிலாளர்களைச் சில ஆண்டுகளுக்கு முன்பு பதிவு செய்துகொண்டிருந்தேன். தனித்தனியாக, வெவ்வேறு நாட்களில் பேசிய நான்கு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: கடைசி நாளன்று நல்ல மழை. ஒருவர் நனைந்த சட்டையோடு வாயிலில் நின்றதைச் சொன்னார். இன்னொருவர், அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளின் மை கரைந்து வழிந்ததைச் சொன்னார். எனக்குப் பெருமகிழ்ச்சி. இயலின் முதல் வரியையே எழுதிவிட்டேன், மழையோடு.

பிறகு ஒரு பழக்கத்தின் பேரில் மழைப் பதிவேட்டைப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க ஒரு துளி இல்லை.

அடிக்குறிப்பில் ‘நினைவுப் பிழை’ என்று போட்டு முடித்திருக்கலாம். ஆனாலும் மனம் கேட்கவில்லை. பதிவேட்டின் நகலை எடுத்துக்கொண்டு, நால்வரில் மூத்தவரிடம் போனேன். தாளை வாங்கி, கண்ணிலிருந்து தூரத்தில் பிடித்து, தேதி வரிசையில் விரலை ஓட்டினார். அந்த நாளுக்கு நேரே இருந்த சுழியத்தின் மேல் விரல் நின்றது.

“இதை அளந்தவர் எங்கே இருந்தார்?”

“வானிலை நிலையத்தில்.”

“அவருக்கு அன்று வேலை போனதா?”

ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அதன்பின் பதினோரு விநாடிகள் மௌனம். எழுத்தாக்கும்போது எண்ணிப் பார்த்தேன்.

இத்தாலியின் டெர்னி நகரில் அலெசாண்ட்ரோ போர்ட்டெல்லி செய்த ஆய்வு, இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். லூயிஜி டிராஸ்டுல்லி என்ற 21 வயது எஃகு ஆலைத் தொழிலாளி 1949 மார்ச் 17 அன்று, இத்தாலி நேட்டோவில் சேருவதை எதிர்த்த ஆர்ப்பாட்டத்தில் போலீசாரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்துப் போர்ட்டெல்லி கேட்டபோது, பலரும் அந்தச் சாவை 1953இன் ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்தே சொன்னார்கள். ஆவணத்தை வைத்துப் பார்த்தால் நான்கு ஆண்டுப் பிழை. ஆனால், பதிலடி கொடுக்க முடியாமல் போன ஒரு சாவு, நகரமே தெருவில் இறங்கிய போராட்டத்துக்கு ஏன் நகர்ந்தது என்று கேட்டவர் அவர். பிழையைத் தள்ளிவிடாமல் அதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு ‘ஆவணம் பொய், நினைவே மெய்’ என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்காவிட்டால், மழையைப் பற்றிக் கேட்க ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. முதல் வரியும் பொய்யாகவே அச்சாகியிருக்கும்.

விசையருகில் நிற்பவன்:

என்னுடையது சிறியது. மெய்யியல் துறை. பொதுமக்களின் அறவுணர்வைக் கேட்டறியும் ஓர் ஆய்வில் ட்ராலிச் சிக்கலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டுப்பாடிழந்த வண்டி, நேர்த் தண்டவாளத்தில் ஐந்து பேர், கிளைத் தண்டவாளத்தில் ஒருவர், உங்கள் கையருகில் விசை. திருப்புவீர்களா? 1967இல் ஃபிலிப்பா ஃபுட் தொடங்கிவைத்தார். ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1976இலும் 1985இலும் எழுதிய கட்டுரைகள் அதை உலகம் சுற்ற வைத்தன. அன்றிலிருந்து வகுப்பறைகளில் அந்த ஐந்து பேருக்கு விடுதலையே இல்லை.

எதிரில் இருந்தவர் ரயில்வேயில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “தண்டவாளத்தில் ஆள் நிற்கும்போது அந்தப் பாதையில் வண்டியை விட்டது யார்? காப்பாளர் எங்கே? சிவப்புக் கொடி எங்கே?” என்றார். இவையெல்லாம் கதையில் இல்லை, இல்லையென்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். “அப்படியானால் குற்றவாளிகள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, விசை பக்கத்தில் நிற்கிற ஒருவனை மட்டும் விசாரிக்கிறீர்கள்.”

விளக்கம் சொல்லலாம்தான். சிந்தனைச் சோதனை என்றால் மற்றதையெல்லாம் விலக்கிவிட்டு ஒரே ஓர் இழையை மட்டும் இழுத்துப் பார்ப்பது. சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. இப்போது எனக்கும் பாதி நம்பிக்கைதான்.

எண்ணுகிறவன்:

சற்றுக் கசப்பாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட கதைகளில் எல்லாம் படிவம் முட்டாளாகவும், பதில் சொல்பவர் ஞானியாகவும் வந்துவிடுகிறார்கள். படிவத்தை ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறோம். களத்துக்குப் போவதற்கு முன் பத்துப் பதினைந்து பேரிடம் கேள்வியைக் கொடுத்து, ‘பதில் யோசிக்கும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்’ என்று கேட்பது எங்கள் வழக்கம். அந்த 31ஆம் கேள்வியை அப்படி முன்சோதனை செய்திருந்தால் முதல் நாளே உடைந்திருக்கும். அந்தப் பெண்மணி சொன்னது படிவம் என்ற முறையின் தோல்வி ஆகாது. சோம்பேறிப் படிவத்தின் தோல்வி.

கேள்வி பதிலைக் கெடுக்கும் என்பதைக் கண்டுபிடித்ததே எண்ணுகிறவர்கள்தான். 1948இல் ஹெர்பர்ட் ஹைமனும் பால் ஷீட்ஸ்லியும் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கம்யூனிஸ்ட் நாட்டுச் செய்தியாளர்களை இங்கே அனுமதிக்கலாமா என்று முதலில் கேட்டால் ‘ஆம்’ என்றவர்கள் குறைவு. அமெரிக்கச் செய்தியாளர்களை அங்கே அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு இதைக் கேட்டால் ‘ஆம்’ ஏறத்தாழ இரு மடங்கு ஆனது. சொற்கள் மாறவில்லை. வரிசை மட்டும்தான் மாறியது.

என் பங்குக்கு ஒரு தோல்வியும் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் கேட்ட ஓர் ஆய்வில், ‘1 முதல் 10 வரை எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்’ என்றேன். “நீங்கள் எத்தனை என்று எழுதினால் இது சீக்கிரம் முடியும்?” என்றது எதிர்க்குரல். சிரித்துவிட்டேன். 7 என்று எழுதவில்லை. எழுதத் தோன்றியது.

மூன்றாம் இயல்:

எங்கள் அறநெறிக் குழு ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி கட்டாயம் என்றது: பங்கேற்பவரின் உண்மைப் பெயர் எங்கும் வராது. அந்த வரிக்குப் பின்னால் ஒரு கொடிய வரலாறு இருப்பது எனக்குத் தெரியும். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நடந்த ஒரு மருத்துவ ஆய்வில், சிபிலிஸ் இருந்த கறுப்பின ஆண்களிடம் நோயைச் சொல்லாமல், மருந்து வந்தபிறகும் கொடுக்காமல் நாற்பது ஆண்டுகள் வேடிக்கை பார்த்தார்கள். அது வெளியே வந்தபிறகுதான் விதிகள் இறுகின. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அறநெறி வகுத்த பெல்மான்ட் அறிக்கை 1979இல் வந்தது. எனவே படிவத்தை நான் பழிக்கவில்லை.

ஆனால் நான் பேட்டி எடுத்த பெண்மணி, வேலையிடத்தில் நடந்த அநியாயத்தை வெளியே சொல்லி, அதனாலேயே வேலையிழந்தவர். அவரிடம் இந்த வரியைப் படித்துக் காட்டினேன்.

“புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்குமா?”

“இருக்கும். அட்டையில்.”

“நடந்தது யாருக்கு?”

குழுவுக்கு இருமுறை எழுதினேன். இருமுறையும் அதே பதில். வேண்டுமானால் புனைபெயரை அவரே தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு சலுகை. போய்ச் சொன்னேன். வெகுநேரம் யோசித்தார். பிறகு, தன்னை வேலையைவிட்டு அனுப்பிய மேற்பார்வையாளரின் முதற்பெயரைச் சொன்னார். “அதையே போடுங்கள். ஒருமுறையாவது அந்தப் பெயர் உண்மை பேசட்டும்.”

ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும் பெயர் என்பதால் குழுவுக்கு எதுவும் தெரியவில்லை. என் மூன்றாம் இயல் முழுக்க அந்தப் பெயர்தான் பேசுகிறது.

பதிலளித்தவர் 23:

நான் ஆய்வாளன் இல்லை. எதிர்ப்பக்கத்து ஆள். பதினான்கு வயதில் எங்கள் வீட்டுக்கு ஓர் ஆய்வாளர் வந்தார். நல்லவர், நிறையக் கேட்பார், சின்ன எழுத்தில் எழுதிக்கொள்வார். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அந்த ஆய்வேட்டைத் தேடி எடுத்தேன். அட்டை தூசியாக இருந்தது. எனக்கு முன்னால் யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. நான்தான் 23 என்று என் வாக்கியத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ‘அப்பா சொல்வதுதான் சரி, அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.’ அதன்கீழே ஒன்றரைப் பக்கத்துக்கு, மரபின் அதிகாரத்தை இளையோர் அகவயப்படுத்திக்கொள்வது பற்றிய விளக்கம்.

நான் அப்படிச் சொன்னபோது அப்பா கதவருகில் நின்றுகொண்டிருந்தார்.

விளக்கத்தில் கதவு இல்லை. மற்றதெல்லாம் அழகாகவே எழுதப்பட்டிருந்தது.

பழைய ஒலிநாடா:

23க்கு: அமெரிக்காவில் பாஸ்டனின் நார்த் எண்ட் பகுதியில் 1930களின் பிற்பகுதியில் சமூகவியலாளர் வில்லியம் ஃபுட் வைட் தெருமுனை இளைஞர்களோடு பழகி ஆய்வு செய்தார். அவருடைய முதன்மைத் தகவலாளியை உலகம் ‘டாக்’ என்ற புனைபெயரில் அறியும். அவர் ஒருநாள் வைட்டிடம் குறைப்பட்டுக்கொண்டார்: முன்பெல்லாம் தோன்றியதைச் செய்வேன், நீ வந்தபிறகு எதைச் செய்தாலும் இதை உனக்கு எப்படி விளக்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆய்வாளரும் உங்கள் அப்பாவைப் போலக் கதவருகில் நிற்பவர்தான், நின்றுகொண்டே இருப்பவர். வைட் அதை மறைக்காமல் எழுதினார். உங்கள் ஆய்வாளர் அதையாவது செய்திருக்கலாம்.

முனை மழுங்கிய பென்சில்:

எண்ணுகிறவனுக்கு: முன்சோதனை செய்தேன் ஐயா. சக மாணவர்கள் பன்னிரண்டு பேரிடம். எல்லோரும் கட்டங்களைப் பார்த்துத் தலையாட்டினார்கள். யாருக்கும் திருமணமாகியிருக்கவில்லை. சோம்பேறிப் படிவம் என்றது சரிதான்.

31ஆம் கேள்வியைக் கடைசியில் மூன்றாக உடைத்தேன். சென்ற முறை பெரிதாக ஒன்று வாங்கியபோது முதலில் பேச்செடுத்தது யார், வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா, பேச்செடுக்காமலே கைவிட்டது ஏதாவது உண்டா. மூன்றாவதற்குத்தான் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதற்குக் கட்டங்கள் வைக்கவில்லை; வெற்றிடம் விட்டேன். பாதிப் படிவங்களில் எழுத்து ஓரத்துக்கு வழிந்திருந்தது.

அந்தப் பெண்மணியின் வீட்டுக்குத் திரும்பப் போனேன். குடிபெயர்ந்துவிட்டார்கள். தரவுக் கோப்பில் அவருடைய 99 இன்னும் 99தான்.

அவர் கேட்ட கேள்வியை அந்த வாரமே என் வீட்டில் கேட்டுப் பார்த்தேன். “நம் வீட்டில் முடிவெடுப்பது யார்?” மனைவி கையில் இருந்த வேலையை நிறுத்தவில்லை.

“இது நீங்கள் கேட்பதா, படிவம் கேட்பதா?”