குடும்பக் குழு: பெரியம்மா வீட்டில ட்ரிப் விழுகுது

பெரியம்மா, 6:38
இஞ்ச கறண்ட் இல்லை. பக்கத்து வீடுகளில லைற் எரியுது. ட்ரிப் சுவிச்சைத் தூக்கத் தூக்க விழுகுது

அம்மா, 6:39
மழை விட்டிட்டுதோ அக்கா? கோண்டாவில்ல கொட்டுது

பெரியம்மா, 6:39
எங்க விட்டது. முத்தத்தில கணுக்கால் தண்ணி

சின்னவன், 6:41
பக்கத்து வீட்டு அண்ணா சொல்லுறார், ட்ரிப்பை விட்டிட்டு வயரை நேரா குடுத்தா இரவைக்குச் சமாளிக்கலாமாம். குறட்டோட நிக்கிறார்

சின்ன மாமா, 6:41
வேண்டாம்!!
அவரை முதல்ல வீட்டுக்கு அனுப்பு

சின்ன மாமா, 6:43
விழுகுதெண்டா எங்கயோ கறண்ட் கசியுது. போற கறண்டும் திரும்பி வாறதும் ஒரே அளவா இருக்கவேணும். 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தாலே விழுத்தத்தான் அதைப் பூட்டினது. அந்தக் குறையிற கறண்ட் ஈரச் சுவராலயோ ஆற்றையும் உடம்பாலயோ நிலத்துக்குப் போகும். ட்ரிப்பை வெட்டிவிட்டா லைற் எரியும், கசிவு அப்பிடியே இருக்கும்

பெரிய மாமா, 6:44
பலமுறை பகிரப்பட்டது
⚡ எச்சரிக்கை! மின்னல் நேரத்தில் கைப்பேசியைக் கையில் வைத்திருந்தால் மின்னல் தேடி வரும்! அனைவருக்கும் பகிரவும் 🙏

சின்ன மாமா, 6:45
அண்ணை, போனைத் தேடி மின்னல் வராது. சாஜ்ஜரில குத்தினபடி கதைக்கிறதுதான் கூடாது. ரீவி, வைஃபை பெட்டி ரெண்டின்ர பிளக்கையும் கழட்டுங்கோ. சுவிச்சை நிப்பாட்டினாக் காணாது

பெரிய மாமா, 6:45
👍

சின்ன மாமா, 6:46
சின்னவன், ட்ரிப் சுவிச் போட் இருக்கிற சுவர் ஈரமோ? ஈரமெண்டாத் தொடாதை

சின்னவன், 6:47
ரோச் அடிச்சுப் பாத்தனான். காஞ்சு கிடக்கு

சின்ன மாமா, 6:47
கையைத் துடை, செருப்பைப் போடு. சின்ன பிரேக்கர் எல்லாத்தையும் கீழ விட்டிட்டு ட்ரிப்பைத் தூக்கு

சின்னவன், 6:49
நிக்குது!

சின்ன மாமா, 6:49
இனி ஒவ்வொண்டாத் தூக்கு. எதுக்கு விழுகுதெண்டு சொல்லு

சின்னவன், 6:52
லைற் லைன் சரி. குசினி சரி. நாலாவதைத் தூக்க டக்கெண்டு விழுந்திட்டுது

பெரியம்மா, 6:52
அது கிணத்து மோட்டர்

சின்ன மாமா, 6:53
இன்னும் கிணத்துக்குள்ள அந்தப் படியிலதானோ இருக்கு? மாரிக்கு முன்னம் மேல தூக்கச் சொன்னனான் எல்லோ. ஊத்துப் பெருகினா முதல்ல நனையிறது மோட்டர்தான்

சின்னவன், 6:53
பாத்திட்டு வரட்டோ

சின்ன மாமா, 6:53
இந்த இருட்டில கிணத்தடிக்குப் போகாதை. அந்த பிரேக்கரைக் கீழ விட்டு மேல ரேப் ஒட்டு, ஆரும் தெரியாமல் தூக்குவினம். மற்றதெல்லாம் போடலாம்

பெரியம்மா, 6:55
ராங்கில அரைவாசிதான் தண்ணி கிடக்கு. பரவாயில்லை, கக்கூசுக்கு முத்தத்தில அள்ளலாம் 😂

சின்னவன், 6:56
மாமா இன்னொண்டு. முருங்கைக் கொப்பு முறிஞ்சு றோட்டால வாற வயரில படுத்திருக்கு. கொக்கத்தடியால இழுக்கட்டோ?

சின்ன மாமா, 6:56
உனக்கு இண்டைக்கு என்ன பிடிச்சிருக்கு? ஈரத்தடியால கறண்ட் வரும். மின்சாரசபைக்கு அடி, 1987. பில்லைக் கையில வைச்சிரு, கணக்கு இலக்கம் கேப்பினம்

அம்மா, 6:57
அக்கா, உங்கட உடுப்புக்கொடிக் கம்பியும் அந்த முருங்கையிலதானே கட்டினது?

பெரியம்மா, 6:58
ஓம். அங்கயிருந்து தூண் வரைக்கும்

சின்ன மாமா, 7:00
அதுதான் எனக்குப் பயம். வயரின்ர தோல் தேஞ்சு கொடிக்கம்பியில பட்டா, ஈர உடுப்பு விரிக்கிற ஆளுக்குத்தான் அடி. அதுக்கு உங்கட ட்ரிப் விழவும் மாட்டுது, அந்த வயர் மீற்றருக்கு முன்னால எல்லோ நிக்குது. ஒருதரும் அந்தக் கம்பியைத் தொடவேண்டாம். பேந்து நைலோன் கயிறு கட்டுவம்

ரொறன்ரோ அக்கா, 7:04
எழும்பிப் பாக்க இவ்வளவு மெசேஜ். மாமா, இஞ்ச சரியான குளிர், ஹீட்டர் போட்டா பேஸ்மென்றில பிரேக்கர் விழுகுது. எங்களுக்கும் கசிவோ?

சின்ன மாமா, 7:05
அந்த நேரம் வேற என்ன வேலை செய்யுது?

ரொறன்ரோ அக்கா, 7:05
கேத்தில்

சின்ன மாமா, 7:07
ஹீட்டர் 1500 வோற் எண்டா உங்கட 120 வோல்ற்றுக்கு அதுவே 12.5 அம்பியர். லைன் 15. கேத்திலும் கொதிச்சா விழத்தானே வேணும். அது கசிவில்லை பிள்ளை, பாரம் கூடினது. ஹீட்டரைச் சுவரிலதானே குத்தியிருக்கு?

ரொறன்ரோ அக்கா, 7:08
சுவர்ப் பிளக் கட்டிலுக்குப் பின்னால. எக்ஸ்டென்சன் போட்டாத்தான் எட்டும்

சின்ன மாமா, 7:08
கட்டிலை இழு. எக்ஸ்டென்சன் வயர் உருகினாப் பிறகுதான் உனக்கு மணக்கும்

அம்மா, 7:09
பேரன்ர சொக்ஸ் அந்த ஹீட்டருக்கு மேல காயுது. வீடியோ கோலில பாத்தனான்

ரொறன்ரோ அக்கா, 7:09
அம்மா 😐

சின்ன மாமா, 7:10
சொக்ஸ், திரைச்சீலை, மெத்தை எல்லாம் ஒரு மீற்றர் தள்ளி. படுக்கேக்க நிப்பாட்டு

சின்னவன், 7:14
1987 எடுத்தாச்சு. வருவினமாம், எப்ப எண்டு சொல்லேல்லை

சின்ன மாமா, 7:15
சரி. இஞ்ச இருக்கிற எல்லாரும் இப்ப ஒரு வேலை செய்யுங்கோ. ட்ரிப் சுவிச்சில சின்னப் பட்டன் ஒண்டு இருக்கு. அதை அமத்த விழவேணும்

அம்மா, 7:17
விழுந்திட்டுது, திரும்பத் தூக்கியாச்சு

பெரிய மாமா, 7:19
அமத்தினன். ஒண்டும் நடக்கேல்லை

சின்ன மாமா, 7:19
வடிவா அமத்துங்கோ அண்ணை. கறண்ட் இருக்கோ?

பெரிய மாமா, 7:20
இருக்கு. ரீவியில செய்தி போகுது

சின்ன மாமா, 7:20
ரீவியைக் கழட்டச் சொன்னனானே!! உங்கட ட்ரிப் செத்துப்போச்சு, மாத்தவேணும். நாளைக்கு முதல் உங்கட வீட்டதான் வாறன்

பெரியம்மா, 7:21
அப்ப என்ர மோட்டர்?