மலைக்குப் பின்னால் விழுந்த பச்சை நெருப்பு

2023 டிசம்பர் 13 இரவு. மஸ்கெலியாவில், மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள தோட்டத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அமாவாசைக்கு அடுத்த நாள், போதாததற்குக் கரண்டும் இல்லை. சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்காததால் மலைப்பாதை விளக்குகளும் கிடையாது. மழையும் பனிமூட்டமும் விட்டு வானம் அப்படி வெளித்துக் கிடந்தது அபூர்வம்.

ஒன்பது மணி இருக்கும். நான் முதலில் பார்த்தது வானத்தை அல்ல, லயத்துச் (தோட்டத்து வரிசை வீடுகளின்) சுவரை. எங்கள் நிழல்கள் அதில் சரசரவென்று மேலே ஏறின. யாரோ டோர்ச் அடிக்கிறார்கள் என்று திரும்பினால், பச்சை நெருப்பு ஒன்று மலைப் பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கிறது! கடைசியில் இரண்டாக உடைந்து அணைந்தது. நான்கு விநாடிதான்.

அம்மாயி, "பச்சையப் பாரு, பச்சையப் பாரு" என்று கத்தினார். நட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் பச்சை மரத்தைப் பார்க்க வேண்டுமாம். சுற்றிலும் தேயிலைதான், ஆனால் அந்தக் கும்மிருட்டில் ஓர் இலைகூடத் தெரியவில்லை. விழுந்ததே பச்சைதானே அம்மாயி என்றேன். முறைத்தார்.

மாமாவோ, "மலைக்கு அந்தப் பக்கந்தான் விழுந்திருக்கு" என்று அடித்துச் சொன்னார். அங்கே விழுந்திருந்தால் அரை நிமிடத்தில் சத்தம் வந்திருக்கும். கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் காத்திருந்தோம். நாய்கள் குரைத்தன, அவ்வளவுதான்.

டிசம்பர் நடுவில் வரும் ஜெமினிட் எரிகற்களில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஃபேத்தன் என்ற சிறுகோள் விட்டுப்போன துகள்கள் விநாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகின்றன. அவை புறப்பட்டு வருவதுபோல் தோன்றும் மிதுன ராசி முன்னிரவில் கிழக்கே தாழ்வாக இருப்பதால் அவை காற்றைச் சாய்வாக உரசி நீண்ட தூரம் ஓடும். கையை நீட்டி முட்டி பிடித்தால் ஒரு முட்டி ஏறக்குறைய 10 பாகை. இது அணைந்தது அடிவானத்திலிருந்து இரண்டு முட்டி உயரத்தில். உயரம் 80 கிலோமீட்டர் என்று வைத்தால், எங்களிடமிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி. அதாவது மலையைத் தாண்டி, கரையையும் தாண்டி, நடுக்கடலுக்கு மேலே.

அன்று மேற்குக் கரையில் பாணந்துறை, களுத்துறைப் பக்கம் பார்த்தவர்கள் இருந்தால் எத்தனை முட்டி உயரத்தில் அணைந்தது என்று சொல்லுங்கள். எங்களைவிட உயரத்தில் தெரிந்திருந்தால் என் கணக்கு சரி.

மாமாவிடம் இந்தக் கணக்கு எடுபடவில்லை. விடிந்ததும் கவ்வாத்துக் கத்தியோடு மானாப்புல்லுக்குள் இறங்கினார். மத்தியானம் திரும்பியபோது காலில் ஏழெட்டு அட்டைகள்.